அடுப்புக்கு ஒரு நாள் லீவு

கொல்கத்தாவின் பைஸ் ஹோட்டலில் வாழை இலைக்குத் தனிக் காசு. எலுமிச்சைத் துண்டுக்கும் தனி. சோறு ஒரு விலை, பருப்பு ஒரு விலை, கீரை ஒரு விலை. மீனுக்கு அன்றைய சந்தை வைத்ததுதான் விலை. கேட்பதற்கு முன்பே சாம்பாரை ஊற்றிவிட்டுப் போகிற ஊரிலிருந்து வந்தவள் நான். இலை ஓரத்து எலுமிச்சைக்குக் கூடவா கணக்கு என்று முதலில் முகம் சுளித்தேன். கொஞ்ச நாள் போனதும் அந்தக் கணக்கிலிருந்த மரியாதை பிடிபட்டது. சட்டைப்பையில் கொஞ்சமே இருப்பவர் சோறும் பருப்பும் ஒரு வறுவலும் வாங்கிக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர் சித்தல் மீனின் வயிற்றுத் துண்டை வாங்கிப் பிரித்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் ஒரே பெஞ்சு. வேண்டாததை வாங்க வேண்டியதில்லை, வேண்டியதை இரந்து கேட்க வேண்டியதுமில்லை. கை கழுவிவிட்டு வந்தால் யாருக்கும் கடன் கிடையாது.

பைஸ் என்றால் பழைய பைசா. 1957 ஏப்ரலில் புதுக்காசு வரும்வரை ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. அந்தப் பைசாக் கணக்கில் வயிற்றை நிரப்ப வந்தவை இந்தக் கடைகள். வங்காளத்து மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் படிக்க வந்த பையன்களும் குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பஸ்தர்களும் மனைவி மக்களைக் கிராமத்தில் விட்டுவிட்டு, சியால்தா ஸ்டேஷனைச் சுற்றிலும் ஹாரிசன் ரோட்டிலும் மெஸ் வீடுகளில் அறைக்கு மூன்று நான்கு பேராகக் கிடந்தார்கள். துப்பறிவாளர் ப்யோம்கேஷ் பக்ஷியைப் படைத்த சரதிந்து பந்த்யோபாத்யாயும் அப்படி மெஸ்ஸில் இருந்தவர். தன் கதாநாயகனையும் அதே ஹாரிசன் ரோட்டில் குடிவைத்தார். இன்று அந்த ரோட்டுக்கு மகாத்மா காந்தி பெயர். வாரக் கடைசியில் ரயிலேறி வீட்டுக்குப் போகும்வரை வீட்டுச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருந்த ஆண்களுக்காக ஏற்பட்ட சமையல் இது. அதனால்தான் இந்தக் கடைகளில் மசாலா கொஞ்சம், எண்ணெய் அளவு, மீன் குழம்பு தண்ணீராக இருக்கும். மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்து சாப்பிட வேண்டியவர்களுக்கு அப்படித்தானே சமைக்க முடியும்.

கல்லூரித் தெருவின் பின்புறம் பவானி தத்தா லேனில் இருக்கும் ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டலைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். முன்பு வெறும் ஹிந்து ஹோட்டலாக இருந்தது, 1947க்குப் பிறகு ‘ஸ்வாதீன் பாரத்’ என்பதைப் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டது. சுபாஷ் சந்திர போஸ் வந்து கொடிப்பசலைக் கூட்டு சாப்பிட்ட இடம் என்று பெருமையாகச் சொல்வார்கள். என் கடைக்கு அப்படிப் பெருமை எதுவும் இல்லை. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், பைண்டிங் பட்டறைகளும் அச்சகங்களும் நெருக்கியடிக்கும் ஒரு சந்தில் ஏழெட்டு மேஜையோடு இருக்கிறது. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இப்போதே மதியம் ஒரு மணிக்கு இடம் கிடைப்பதில்லை.

வங்கி வேலையில் மாற்றலாகிக் கொல்கத்தாவில் சில வருடம் இருந்தேன். ஆம்ஹர்ஸ்ட் தெருவில் பெண்கள் விடுதி. விடுதிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமை மதியம் இந்தக் கடைக்குத் தப்பித்து வந்துவிடுவேன். ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பெண், அதுவும் மதராஸி, தனியாக வந்து இலை போடச் சொன்னதைப் பார்த்து முதலாளி ஒரு நொடி திகைத்தார். பிறகு கல்லாவுக்குப் பக்கத்து மூலை மேஜையைக் காட்டினார். அன்றிலிருந்து அது என் இடம். பரிமாறுகிற கிழவர் மீன்களின் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்: ரூயி, காத்லா, பாப்தா, பார்ஷே, டெங்ரா, கோய். பார்ஷே நம் மடவை, டெங்ரா நம் கெளுத்தி, கோய் நம் பனையேறிக் கெண்டை என்று நானே ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டேன். சாப்பிட்டு முடித்ததும் அவர் கல்லாவைப் பார்த்து, நான் வாங்கிய அத்தனையையும் ஒன்று விடாமல் உரக்கச் சொல்லித் தொகையையும் சொல்வார். காகிதத் துண்டு கிடையாது. என் எலுமிச்சைத் துண்டு ஊருக்கே கேட்கும்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு அந்தச் சாப்பாட்டுக்காக எனக்கு ஏக்கம் வந்தது சுக்தோவால்தான். பாகற்காய், முருங்கைக்காய், வாழைக்காய், கத்திரிக்காய் எல்லாம் போட்டு, கடுகு அரைத்துவிட்டு, கடைசியில் பால் ஊற்றி இறக்குகிற கசப்புக் கூட்டு. வங்காளிகள் மதியச் சாப்பாட்டைக் கசப்பில்தான் தொடங்குவார்கள். வீட்டில் செய்து பார்த்தேன். ராந்துனி விதை இல்லாமல் அந்த வாசனை வரவில்லை. மீனைக்கூட மறந்து இருந்துவிடலாம். இந்தக் கசப்புக்குத்தான் மாற்று கிடைக்கவில்லை.

ஆகவே போன செப்டம்பரில், ஒரு நண்பரின் பழைய புத்தகச் சேகரிப்பைப் பார்த்து வர வேண்டிய வேலை வந்தபோது, புத்தகத்தைவிட சுக்தோதான் முதலில் நினைவுக்கு வந்தது. சென்னையில் காலை ஏழு மணிக்குக் கோரமண்டல் எக்ஸ்பிரஸ். 1977இல் ஓடத் தொடங்கிய ரயில். முன்பெல்லாம் ஹவுராவில் இறக்கிவிடும், இப்போது ஷாலிமாரோடு நின்றுவிடுகிறது. ஹவுரா ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்து எதிரே பாலத்தைப் பார்க்கிற அந்த நிமிடம் இல்லாமல் கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த மாதிரியே இல்லை. மறுநாள் ரயிலில் காலைச் சாப்பாட்டை வேண்டுமென்றே தவிர்த்தேன். பாலாசோர் தாண்டியதும் அம்மா போன் செய்து, “புரட்டாசி பொறந்தாச்சு, ஞாபகம் இருக்கா?” என்றாள். எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்க மீன் வாசனையே ஆகாது. “ம்” என்றேன். ரயில் சத்தம் நல்ல வேளையாக அதிகமாக இருந்தது.

டாக்ஸி வித்யாசாகர் சேது வழியாக ஹூக்ளியைக் கடந்தபோதே ஊர் வேறு மாதிரி இருந்தது. பஸ்களின் முகப்பில் சாமந்தி மாலை. டாக்ஸி ஸ்டாண்டுகளில் ஷாமியானா, ஒலிபெருக்கி. உள்ளே யானை மேல் உட்கார்ந்த விஸ்வகர்மா. நாம் நினைப்பதுபோல் தாடி வைத்த முதியவர் இல்லை. இங்கே அவர் மீசை வைத்த வாலிபர், கையில் சுத்தியலோடு சில பந்தல்களில் காற்றாடியும் பிடித்திருப்பார். ஆண்டுதோறும் அநேகமாக செப்டம்பர் 17இல்தான் இந்தப் பூஜை வரும். துர்கா பூஜையைப்போல் திதியைப் பார்க்காமல் சூரியனைப் பார்த்து வைத்த நாள். சூரியன் கன்னி ராசிக்குள் போகிற அந்த நாள் நமக்குப் புரட்டாசி ஒன்று, அவர்களுக்குப் பாத்ரோ மாதத்துக் கடைசி. நம் ஆயுத பூஜை போலத்தான். கடைசல் இயந்திரம், ரிக்‌ஷா, அச்சு இயந்திரம் எல்லாவற்றுக்கும் அன்று பூவும் பொட்டும் ஓய்வும். வங்கியில் இருந்த நாட்களில் பக்கத்து டாக்ஸி டிரைவர்கள் பந்தலில் கூப்பிட்டுக் கிச்சுடி போடுவார்கள், அங்கேயே மதியம் கழிந்துவிடும். அதனால் அன்று என் கடை திறந்திருக்குமா என்று பார்க்கவேண்டிய தேவை எனக்கு வந்ததே இல்லை.

சியால்தாவில் லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு மகாத்மா காந்தி ரோட்டில் நடந்தேன். கல்யாணப் பத்திரிகைக் கடைகள், பாண்டு வாத்தியக்காரர்களின் கடைகள், நடைபாதை முழுக்கப் பரப்பிய பாடப் புத்தகங்கள். சந்தில் திரும்பினால் பைண்டிங் பசையின் வாடை வரும். அன்று அது இல்லை, சாம்பிராணி இருந்தது. கடைக்கு ஷட்டர் போட்டிருந்தது. அட்டையில் வங்காளத்தில் இரண்டு வரி. எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு இன்னும் மறக்கவில்லை: ‘ரான்னா பூஜை. இன்று அடுப்பு எரியாது.’

எதிரே பைண்டிங் பட்டறை. மேஜை காலியாகும்வரை நான் உட்கார்ந்திருக்கும் ஸ்டூல் அங்கேதான் இருக்கும். பட்டறைக்காரர் தலை நரைத்திருந்தார். வெட்டு இயந்திரத்தின் கத்தியில் சந்தனம் வைத்து, கைப்பிடியில் செம்பருத்தியைச் செருகிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“மதராஸி தீதி! ட்ரான்ஸ்ஃபரா?”

“இல்ல தாதா, சும்மா வந்தேன். சாப்பிட.”

ஷட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னைக்கு அவங்க வீட்லயும் அடுப்பு இல்ல, எங்க வீட்லயும் அடுப்பு இல்ல. ஆனா சாப்பாடு இருக்கு. வாங்க.” நான் பக்கத்தில் வேறெங்காவது பார்த்துக்கொள்கிறேன் என்று இழுத்தேன். கல்லூரித் தெருவில் சாப்பாட்டுக்கா பஞ்சம். காபி ஹவுஸில் கட்லெட் கிடைக்கும், 1918லிருந்து சர்பத் விற்கும் பாரமவுண்டில் இளநீர் சர்பத் கிடைக்கும். அவர் அதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறத் தொடங்கியிருந்தார். பட்டறைக்கு மேலேதான் வீடு.

முதலில் சமையலறையைத்தான் காட்டினார்கள். ரான்னா என்றால் சமையல், பூஜையே அங்கேதான். பழைய நாளில் களிமண் அடுப்பைச் சாணமிட்டு மெழுகிக் கும்பிடுவார்கள். இவர்கள் வீட்டில் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு. அதைத் தேய்த்துத் துடைத்து, பர்னர்களை எடுத்துக் கவிழ்த்து வைத்து, சிலிண்டர் வால்வை மூடியிருந்தார்கள். மேடையில் அரிசிமாவைக் கரைத்து விரலால் போட்ட அல்பனா கோலம். அதன் நடுவே ஒரு மண் தொட்டியில் மனசா கிளை. உற்றுப் பார்த்தால் நம் இலைக்கள்ளி. மனசா பாம்புகளின் தேவி. மழைக்காலம் முடிகிற நேரத்தில் புற்றுகளில் தண்ணீர் ஏறி, பாம்புகள் கதகதப்பைத் தேடி வீட்டுக்குள் வரும், அடுப்புக்குள்ளும் போய்ச் சுருண்டுகொள்ளும் என்பது கிராமத்து அனுபவம். அன்று ஒரு நாள் அடுப்பு அவளுடையது, எரிக்கக் கூடாது. சியால்தா பக்கத்தில் இரண்டாம் மாடியில் எந்தப் பாம்பு வரப்போகிறது? ஆனாலும் வால்வு மூடியே இருந்தது. மனசாவைக் கும்பிட மறுத்து, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இடது கையால் பூப்போட்ட சாந்த் சதாகர் என்ற வணிகனின் கதையை வங்காளத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். அவளோடு வம்பு வைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை.

இந்த நாளுக்கு ‘அரந்தன்’ என்று பெயர். சமைக்காத நாள். பெயரைக் கேட்டால் பெண்களுக்கு ஓய்வு நாள் போலத் தெரியும். முந்தைய இரவு நடந்ததைப் பட்டறைக்காரரின் மனைவி பௌதி சொன்னாள். மாலையில் குளித்துவிட்டு இறங்கினால், மொத்தத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். மாமியாரும் அவளும் படுக்கும்போது மணி மூன்று. அடுப்புக்கு ஒரு நாள் லீவு கொடுக்க இரண்டு பெண்கள் இரண்டு நாள் வேலையை ஒரே ராத்திரியில் பார்த்திருக்கிறார்கள். “இன்னைக்காவது உட்காருவீங்கல்ல?” என்றேன். பரிமாறுவது யார் என்பதுபோல் சிரித்தாள்.

பட்டறைக்காரரின் அம்மா மாஷிமாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எனக்குக் கூடத்தில் பாய் விரித்து, வெண்கலத் தட்டை எடுத்து வரச் சொன்னார். தட்டில் வந்து விழுந்தது பழைய சோறு.

வேறு சொல்லே வேண்டாம். ராத்திரி வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் லேசாகப் புளித்து, பருக்கை ஒவ்வொன்றும் உப்பி நிற்கிற அதே பழையது. இங்கே பாந்தா பாத். மாஷிமா கந்தராஜ் எலுமிச்சையை ஒரு பக்கமாகக் கீறி என் தட்டில் பிழிந்தார். சாறு கொஞ்சம்தான், வாசனை கூடம் முழுக்க. இரண்டு பச்சை மிளகாய், கல்லுப்பு, ஒரு சொட்டுக் கடுகெண்ணெய். பிசையும்போது சோற்றுக்குள்ளிருந்து வந்த குளிர்ச்சி விரல்களில் ஏறியது. செப்டம்பர் கொல்கத்தாவின் புழுக்கத்தில் மின்விசிறியால் முடியாததை அந்த ஒரு கவளம் செய்தது.

எங்கள் ஊரில் பழையதை யாருக்கும் காட்டிச் சாப்பிட மாட்டோம். தாத்தா வயலுக்குப் போகுமுன் தூக்குவாளியில் குடித்த நீராகாரம் அது. என் தலைமுறையில் இட்லியும் தோசையும் காலையைப் பிடித்துக்கொண்ட பிறகு, பழையது என்றால் இல்லாத வீட்டுச் சாப்பாடு என்று ஆகிவிட்டது. இப்போது சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடலுக்கு அது செய்யும் நன்மையை ஆராய்கிறார்கள். மண்சட்டியில் ஊற்றி விலை வைக்கும் உணவகங்களும் வந்துவிட்டன. 2021இல் மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா இறுதிப் போட்டியில் கிஷ்வர் சௌத்ரி பாந்தா பாத்தைத்தான் நடுவர்கள் முன்னால் வைத்தார். இருக்கட்டும். அவையெல்லாம் பழையதைப் பார்வைக்கு வைப்பவை. சூடாக, புதிதாக, இப்போதுதான் இறக்கியது என்று சொல்லித்தான் ஒரு ஹோட்டல் பிழைக்க முடியும். என் பைஸ் ஹோட்டலின் மானமே அதில்தான் இருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு மீதியானதை அவர்கள் சாயங்காலத்துக்கு வைப்பதில்லை. ஆகவே நேற்றுச் சமைத்ததுதான் இன்றைக்கு ருசி என்கிற ஒரு முழுச் சமையல், எத்தனை வருடம் அங்கே சாப்பிட்டாலும் என் இலைக்கு வந்திருக்காது. அதைச் சாப்பிட ஒரு வீடு வேண்டும், அந்த வீட்டில் அடுப்பு அணைந்திருக்கவும் வேண்டும்.

தட்டைச் சுற்றிக் கிண்ணங்கள் வரத் தொடங்கின. வறுவல் மட்டும் ஏழு: பட்டல், கத்திரிக்காய், பரங்கிக்காய், உருளை, பாகல், வெண்டை, பல் பல்லாய்க் கீறி வறுத்த தேங்காய். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டுமாம். உள்ளதைச் சொல்கிறேன், ஆறிப்போன கத்திரிக்காய் துவண்டுதான் கிடந்தது, வெண்டைக்காயைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. ஆனால் தேங்காய் வறுவல் இருக்கிறதே, அது ராத்திரி முழுக்கக் காத்திருந்து இறுகி, புளித்த சோற்றோடு கடிபடும்போது மோர் மிளகாயே தோற்றது. கெட்டியாக வேகவைத்த பட்டாணிப் பருப்பு பாளமாக உறைந்திருந்தது. அதை வெட்டித்தான் எடுத்தார்கள்.

பிறகு கொச்சு ஷாக். சேம்பின் தண்டும் இலையும் நாக்கை அரிக்காத அளவுக்கு வேகவைத்து மசித்து, அதில் இலிஷ் மீனின் தலையை உடைத்துப் போட்டுக் கிளறியது. கருப்பாக, பார்க்க ஒன்றுமில்லாததாக இருந்தது. சூடாக இருந்தால் மீன் முந்திக்கொண்டிருக்கும். ஒரு ராத்திரி போனதில் கீரை எது, மீன் எது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் கலந்துவிட்டன. இரண்டாம் முறை நானே கேட்டு வாங்கினேன். பைஸ் ஹோட்டலில் இரண்டாம் முறை கேட்டால் கல்லாவுக்குக் குரல் போகும். இங்கே மாஷிமா கேட்பதற்கு முன்பே கரண்டியோடு நின்றார்.

அடுத்தது கடுகு அரைத்த இலிஷ். நம் கடலோரத்தில் உல்லம் என்கிற மீன்தான். கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி முட்டையிட வருகிற நாளில் கொழுப்பேறி இந்த ருசிக்கு வரும். முள்ளைப் பற்றிப் புகார் சொன்னால் வங்காளத்தில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு துண்டிலும் மயிர் மாதிரி முள், இரட்டை நுனியோடு. நாக்கால் தள்ளி ஓரமாகச் சேர்த்துச் சாப்பிட நான் கற்றுக்கொண்டதே எதிர்க்கடை மூலை மேஜையில்தான். மாஷிமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மகனிடம் திரும்பி, “பெண்ணுக்கு முள் எடுக்கத் தெரியுது” என்றார். வங்கியில் ப்ரமோஷன் வந்தபோதுகூட அவ்வளவு பூரிப்பு இல்லை.

“பத்மா இலிஷா?” என்று கேட்டேன். தாதா கையை விரித்தார். பங்களாதேஷ் 2012இல் இலிஷ் ஏற்றுமதியை நிறுத்தியது. சில வருடங்களாகத் துர்கா பூஜையை ஒட்டி மட்டும் கொஞ்சம் அனுப்ப அனுமதிக்கிறார்கள். அது வந்து சேரும் நாளில் மாணிக்தலா சந்தையில் விலை கேட்டவர் பேசாமல் திரும்பி வருவார். இது டயமண்ட் ஹார்பர் மீன். “ருசியில் கொஞ்சம் குறைச்சல்தான்” என்று அவர் சொல்ல, பௌதி உள்ளேயிருந்து, “விலையைச் சொன்னா ருசி ஏறிடும்” என்றாள்.

எனக்கு ஒரு சந்தேகம். ரான்னா பூஜை பெரும்பாலும் மேற்கு வங்காளத்துப் பூர்வீகக்காரர்களான கோட்டிகளின் வழக்கம்; எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பாங்கால் வீடுகளில் இவ்வளவு இல்லை. கோட்டி என்றால் மோகன் பகான் அணி, மோகன் பகான் என்றால் இறால். இலிஷ் எதிர் அணியான ஈஸ்ட் பெங்காலின் மீன். வெற்றி பெற்ற நாளில் அவரவர் மீன் விலை ஏறுகிற ஊர் இது. “இலிஷ் எப்படி இந்த வீட்டுக்குள்ள?” என்று கேட்டேன். சுவரில் 1889 என்று பொறித்த மோகன் பகான் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்திருந்த தாதாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “இறாலும் இருக்கு தீதி” என்று அவசரமாக ஒரு கிண்ணத்தைத் தள்ளினார். சுரைக்காயோடு சேர்த்த குட்டி இறால். “மனசா தேவிக்குக் கால்பந்து தெரியாது” என்றார் மாஷிமா.

கடைசியில் சால்தா சட்னி. சால்தா நாம் அதிகம் பார்க்காத காய். தேங்காய் நெற்று மாதிரி உருண்டு, வெங்காயம்போல் அடுக்கடுக்காக இருக்கும். யானைகள் விரும்பித் தின்னும். தட்டி நசுக்கி வெல்லத்தில் போட்டு, ஐந்து வகை விதைகளை வறுத்துப் பொடித்துத் தூவியிருந்தார்கள். புளிப்பை உறிஞ்சிவிட்டு நாரைத் துப்ப வேண்டும். சபையில் எப்படித் துப்புவது என்று நான் தயங்கியபோது எழுபது வயது மாஷிமா சத்தமாக உறிஞ்சித் தட்டின் ஓரத்தில் துப்பிக் காட்டினார். பனம்பழச் சாற்றில் செய்த பணியாரம் இரண்டு. திருநெல்வேலிப் பக்கத்தில் பனம்பழத்தைச் சுட்டுத் தின்று வளர்ந்தவள் நான். அந்த வாசனையை மூடிய கண்ணோடு சொல்லிவிடுவேன்.

சுக்தோ இல்லை. அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பௌதி எதற்காக வந்தீர்கள் என்று கேட்டபோது சொல்ல வேண்டியதாயிற்று. “சுக்தோவை ஆற வச்சா பால் திரிஞ்ச மாதிரி ஆயிடும், இந்தப் பூஜைக்கு ஆகாது” என்று விளக்கினாள். நாளைக்குக் கடை திறக்கும், பன்னிரண்டரைக்குள் போய்விட வேண்டும், முதல் பந்தியிலேயே தீர்ந்துவிடும் என்பது அவள் யோசனை. அவளும் அங்கேதான் வாங்குவாளாம், தூக்குப் பாத்திரத்தை ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி இறக்கி.

சாப்பாட்டுக்கு என்ன கொடுப்பது என்று எனக்கு ஒரே குழப்பம். எலுமிச்சைக்கும் விலை தெரிந்த தெருவில் இதற்கு விலை இல்லை. குழந்தையின் கையில் பணத்தை வைக்கலாம் என்று பார்த்தால், இருந்த ஒரே பேரன் பன்னிரண்டு வயது, மொட்டைமாடியில் காற்றாடியோடு இருந்தான். மேலே போனேன்.

விஸ்வகர்மா பூஜையன்று கொல்கத்தா வானத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்வது கஷ்டம். எல்லா மாடியிலும் ஆட்கள், எல்லா மாடியிலும் பாட்டு. பேட்காட்டி, சாந்தியால், மோம்பாத்தி என்று காகிதத்தின் நிறத்தையும் வெட்டையும் பார்த்து ஒவ்வொரு காற்றாடிக்கும் ஒரு பெயர். மாஞ்சா நூல் ஒன்றையொன்று அறுத்துக்கொள்ள, ஒன்று தலைசாய்ந்து விழும், அந்த நொடியில் நாலு தெருவுக்கும் சேர்த்து “போகாட்டா!” என்று கத்துவார்கள். பேரன் என் கையில் நூல் சுற்றிய லாட்டாயைக் கொடுத்துவிட்டு, விடச் சொன்னால் விடு, பிடிக்கச் சொன்னால் பிடி என்று உத்தரவு போட்டான். வயிறு முட்டச் சாப்பிட்டவளால் அவன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. புளித்த சோறு வேறு கண்ணைச் சொக்க வைத்தது. எங்கள் சாந்தியாலை அடுத்த மாடிக்காரன் அறுத்துவிட்டான். பையன் என்னைப் பார்த்த பார்வையில் வங்காளமே என்னைக் கைவிட்டது.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன். பின்னால் “போகாட்டா” சத்தம்.

“என்னடி அங்க ஒரே கூச்சல்? சாப்பிட்டியா?”

“ஆச்சும்மா. ஹோட்டல் லீவு. தெரிஞ்சவங்க வீட்ல.”

“புரட்டாசி மாசம். என்ன போட்டாங்க?”

“பழைய சோறு.”

அம்மா ஒரு கணம் பேசவில்லை. “பாவம், ரெண்டு நாள் ரயில்ல போய் பழையதா? தொட்டுக்கவாவது ஏதாச்சும் குடுத்தாங்களா?”

“சேப்பங்கீரை” என்றேன்.